சாம்பிராணி படிந்த பில்டர்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் காரின் மூக்கைக் கழற்றினோம்.

காருக்கு ஏது மூக்கு என்கிறீர்களா? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. வண்ணார்பேட்டை மெக்கானிக்குகளிடம் விசாரித்தபோது, அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்றார்கள். என் மனைவி சிவகாமியின் தம்பி கணேசன் துபாயில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறான். லீவில் வந்தவன்தான் சொன்னான். சில வண்டிகளில் ஏசி காற்று நம் முகத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு பேப்பர் பில்டருக்குள் நுழைந்து வருமாம். தூசியை அது பிடித்துக்கொள்ளும். நம் மூக்கில் முடி இருக்கிறதே... அதே வேலைதான். மாடலை முன்பே போனில் கேட்டு வைத்திருந்ததால், புதிதாக ஒன்றைக் கையோடு வாங்கியும் வந்திருந்தான்.

எங்களுடையது வெளிநாட்டு வண்டி. பெருமைக்குச் சொல்லவில்லை, பல கை மாறி எங்களிடம் வந்தது. வாங்கியதே மகள் உமாவுக்காக. ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்கு வீசிங்.

வீசிங் வந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? மூச்சு இழுப்பதே அதற்கு ஒரு வேலையாகிவிடும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். மற்ற பிள்ளைகள் ஓடும்போது உமா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

புகையும் தூசியும் ஆகாது என்றார் டாக்டர். பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் பஸ் புகை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் போனால் பிள்ளைக்கு நல்லதுதானே?

ஆனால் நடந்தது வேறு. வண்டிக்குள் உட்கார்ந்தால்தான் இருமல் கூடியது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வண்டியை நிறுத்தி, நானே வேலையில் இறங்கினேன். டாஷ்போர்டு பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்ளே அமுக்கினால் அது கீழே தொங்கிவிடும். பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைத் திறந்தால் பில்டரின் விளிம்பு தெரியும்.

“பைய இழுங்க அத்தான். கதவப் பிடுங்குத மாதிரி இழுக்கீங்க!” என்றான் கணேசன்.

வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய பேப்பர், கருப்பட்டி நிறத்தில் இருந்தது. மடிப்புக்கு மடிப்பு பிசுபிசுவென்று கறை. முகர்ந்து பார்த்தேன்.

கோயில் வாசனை!

வெள்ளிக்கிழமை தோறும் சிவகாமி வீட்டுக்குச் சாம்பிராணி போட்டுவிட்டு, அதே கையோடு காருக்கும் போடுவாள். தூபக்காலை உள்ளே தரையில் வைத்து, கதவை அடைத்து, ஏசி விசிறியை ஓடவிடுவாள். புகை மூலை முடுக்கெல்லாம் போக வேண்டும் அல்லவா? பிள்ளைக்குக் கண்ணேறு கழிய வேண்டும், மூச்சு சீராக வேண்டும் — அதற்காகத்தான் அத்தனையும்.

பக்கத்தில் நின்ற உமாவுக்கு நான் சொல்லாமலே புரிந்துவிட்டது.

“அம்மாட்ட சொல்லிராதீங்கப்பா.”

“சொல்லாட்டி அடுத்த வெள்ளிக்கிழமையும் போடுவாளேட்டி!”

“போட்டுட்டுப் போறா. நான் மூச்ச அடக்கிக்கிடுதேன்.”

அதற்குள் கணேசன் பில்டரைத் தூக்கிப் பிடித்து வீட்டுக்குள் பார்த்துக் கத்தினான்.

“எக்கா! இங்கன வந்து பாரு! ஒன் சாம்பிராணியப் பூரா ஒங்க வண்டிதான் தின்னுருக்கு! பிழிஞ்சா ஒரு கோயிலுக்கு ஆகும் போல!”

அவன் சுபாவம் அப்படி. மனதில் ஒன்றும் கிடையாது.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்த சிவகாமி, “போலே கிறுக்கா” என்று சிரித்தாள். பில்டரைக் கையில் வாங்கினாள். மடிப்பில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்பம்... பிள்ளைக்கு மூச்சு முட்டுனது இதுலயா?”

உமாதான் முந்திக்கொண்டு, “இல்லம்மா...” என்று ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

புது பில்டரைப் போட்டோம். அதில் ஓர் அம்புக்குறி இருக்கும், காற்று போகிற திசை பார்த்து வைக்க வேண்டும். சரியாகத்தான் வைத்தோம்.

திங்கட்கிழமை டாக்டரிடம் கேட்டேன். “வீசிங்குக்கு ஆயிரம் காரணம் உண்டு. இது அதில் ஒன்றாக இருக்கலாம்” என்றார். அதை அப்படியே சிவகாமியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். என்ன செய்ய? ஆயிரத்தில் அவள் கையால் தொட்டுப் பார்த்தது இந்த ஒன்றைத்தானே! கைக்கு எட்டுகிற காரணத்தைத்தான் மனிதர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அம்மாக்களுக்கு முதலில் எட்டுவது அவர்களேதான்.

சிவகாமி வேலை பார்க்கும் தையல்கடை உமாவின் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு. தினமும் மூன்று பேரும் சேர்ந்துதான் காரில் போவோம். பின் சீட்டில் அம்மா மடியில் மகள் சாய்ந்துகொள்வாள். அன்றிலிருந்து சிவகாமி வண்டியில் ஏறவில்லை.

“நீங்க போங்க. நான் பஸ்ல வாரேன்.”

“எதுக்கு?”

“நான் ஏறுனா வெளங்காது.”

நேற்று வெள்ளிக்கிழமை. விளக்கு மட்டும் ஏற்றினாள். “வண்டியை விடு, பூஜை அறையிலாவது கொஞ்சம் போடேன்” என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாமாம்.

உமா காரில் ஏறினாள். ஏசி போட்டேன். இந்த வாரம் முழுவதும் வண்டிக்குள் அவள் இருமவில்லை, நேற்றும்தான். முகம் மட்டும் ஜன்னல் பக்கமே இருந்தது. பஸ் ஸ்டாப்பில் அம்மா நிற்பதைப் பார்த்ததும், “வண்டிய நிறுத்துங்கப்பா” என்றாள்.

இறங்கிப் போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“ஏட்டி, ஒழுங்கா வண்டில ஏறு. இந்தப் புகை ஒனக்கு ஆகாது” என்று அதட்டினாள் சிவகாமி.

“நீ ஏறு. நான் ஏறுதேன்.”

அதற்குள் கரும்புகையைக் கக்கிக்கொண்டு பஸ் வந்து நின்றது. உமா முதலில் ஏறிவிட்டாள். “ஏட்டி... ஏட்டி...” என்று கூப்பிட்டுக்கொண்டே சிவகாமியும் பின்னால் ஓடி ஏறினாள்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஆளில்லாத பின் சீட்டோடு, அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே பள்ளிக்கூடம் வரை ஓட்டிக்கொண்டு போனேன்.

புது பில்டர்... மிக நன்றாக வேலை செய்கிறது.