பென்சிலில் எழுதிய மனு

மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, அஞ்சல்வழியில் எம்.ஏ. அரசியல் அறிவியல் சேர்ந்தேன். அதில் அமெரிக்க அரசாங்கம் என்று ஒரு தாள். சுதந்திரப் பிரகடனம், அரசியலமைப்பு, திருத்தங்கள், உச்ச நீதிமன்ற வழக்குகள் என்று நீண்டுகொண்டே போகும். எனக்கு எதையும் வாய்விட்டு யாரிடமாவது சொன்னால்தான் மனதில் நிற்கும். குவார்ட்டர்ஸில் அகப்பட்ட ஒரே ஆள் என் கணவர்.

அவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை. முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்துவிடுவேன். பிரகடனத்தைக் கேட்டுவிட்டு, "நம்ம யூனியன் நோட்டீஸ் மாதிரியே இருக்கே. ராஜா செஞ்ச தப்பையெல்லாம் ஒண்ணொண்ணா அடுக்கியிருக்காங்க" என்றார். எல்லாரும் சமம் என்று எழுதியவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்று சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அது எப்படி?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவராகவே அடுத்ததைக் கேட்கத் தொடங்கினார்.

அவரை மிகவும் பிடித்துக்கொண்டது ஒரு ஏழைக் கைதியின் வழக்கு. திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட அந்த மனிதர், வக்கீல் வைக்க வசதியில்லை, நீங்களே ஒருவரைக் கொடுங்கள் என்று கோர்ட்டில் கேட்டார். முடியாது என்றார்கள். தனக்குத் தானே வாதாடி, தோற்று, சிறைக்குப் போனார். அங்கிருந்தே உச்ச நீதிமன்றத்துக்குப் பென்சிலால் ஒரு மனு எழுதினார்.

"வெளிய வந்தாரா இல்லையா, அதை மொதல்ல சொல்லு."

வந்தார் என்றேன். பெரிய குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசாங்கமே வக்கீல் தரவேண்டும் என்று தீர்ப்பானது. மறுவிசாரணையில் வக்கீல் வாதாட, அவர் விடுதலையானார். என் கணவர் மறுநாளே ஷிப்ட் பஸ்ஸில் இந்தக் கதையை எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் எங்கள் வீட்டு கேட் அருகே வந்து நின்றாள். பக்கத்துக் கிராமமான முத்தாண்டிக்குப்பத்துக்காரி. அவள் கணவன் என் கணவரின் பிரிவில் கான்ட்ராக்ட் தொழிலாளி. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"அக்கா, காசு வாங்காம கோர்ட்டே வக்கீல் குடுக்குதாமே? எங்க வூட்டுக்காரரு சொல்லிகினு இருந்தாரு. நம்ம பக்கமும் அப்படி உண்டுங்களா?"

அவள் அப்பா அவளுக்கென்று ஒரு முந்திரித் தோப்பை எழுதிவைத்திருந்தார். தோப்புக்குப் போகும் வழியை அண்ணன் முள்வேலி போட்டு அடைத்துவிட்டான். வக்கீல் செலவுக்குப் பயந்து அவள் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டாள்.

நம் அரசியலமைப்பிலும் இலவசச் சட்ட உதவி உண்டு என்று படித்தது நினைவிருந்தது. எங்கே போய்க் கேட்பது என்று மட்டும் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டு இருவரும் பண்ருட்டிக்கு பஸ் ஏறினோம். கோர்ட் வளாகத்திலேயே சட்ட உதவிக்கு ஒரு அறை இருந்தது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது என்றார்கள். கொஞ்ச நாளில் ஒரு பெண் வக்கீலை நியமித்தார்கள். வழக்குப் போடுவதற்கு முன்னால் பேசிப் பார்க்கலாம் என்று அந்த வக்கீல் இவளுடைய அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சட்ட உதவி அறைக்கு வந்தான். தங்கையைப் பார்க்காமல் வக்கீலிடமே பேசினான்.

"கோர்ட்டு வரிக்கும் வரும்னு நெனைக்கலிங்க. என்னாண்ட வந்து கேட்டிருக்கலாம்."

"கேட்டுகினுதானண்ணே இருந்தன்" என்றாள் அவள். "நீதான் மூஞ்சியத் திருப்பிகினு போயிட்ட."

அவன் அப்போதுதான் தங்கையின் பக்கம் திரும்பினான். பிறகு, ஒரு வண்டி போகிற அகலத்துக்கு வேலியைப் பிரித்துவிடுவதாகச் சொன்னான். அதை எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டீக்கடையில் நாங்கள் குடித்த டீக்கு என்னைக் காசு எடுக்கவே விடவில்லை.

தேர்வில் நான் நல்ல மார்க் வாங்கினேன். முந்திரி பழுக்கும் நாளில் அவள் என்னைத் தோப்புக்குக் கூட்டிப்போனாள். பழ வாசனையில் மூச்சு இனித்தது. நாங்கள் பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் அந்த வழியாக வந்தான்.

"சாப்ட்டியாண்ணே?" என்றாள்.

"ஆச்சு" என்று சொல்லிவிட்டு, கீழே கிடந்த இரண்டு பழங்களை எடுத்து அவள் கூடையில் போட்டுவிட்டு நடந்தான்.