மலிண்டா சொன்ன சம்மதம்

தங்கை நீட்டும் தட்டைக் கையில் வாங்குவது பாவம் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவின் ஒஹையோவில், பழைய கட்டுப்பாடுகளோடு வாழும் ஆமிஷ் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த மலிண்டா நம்பினாள். தன்னை அடித்த கணவனைப் பற்றிப் போலீசில் சொன்னதற்காக அவள் தங்கை எஃபியைச் சபை விலக்கிவைத்திருந்தது. விலக்கப்பட்டவள் கையிலிருந்து எதையும் வாங்கக்கூடாது. ரொட்டி சுட்டுக் கொண்டுவந்த எஃபி, அக்காவின் கை நீளாததைக் கண்டு, தட்டை மேசையில் வைத்தாள்.

"இப்ப எடுத்துக்க அக்கா. மேசைக்குப் பாவம் ஒட்டாது போல."

மலிண்டாவுக்கு முகம் எரிந்தது. எஃபியின் முதுகுக் காயங்களுக்கு மருந்து போட்டவள் அவள். ஒருவர் மறுத்திருந்தாலும் விலக்கு நிறைவேறியிருக்காது என்று தெரிந்தே, சபையில் "சம்மதம்" என்றவளும் அவள்தான்.

"நீயாவது மாட்டேன்னு சொல்லுவன்னு நெனச்சேன்க்கா."

அடிபட்டவளைத் தண்டிக்க உங்களிடம் சம்மதம் கேட்டால், தயவுசெய்து எழுந்து நின்று மறுத்துவிடுங்கள்.