நிற்கும்போதா, ஓடும்போதா?

என் அக்காவின் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. ‘ஐயோ மெக்கானிக்’ என்றால்தான் தெரியும். பல்லி விழுந்தால் ஐயோ. பால் பொங்கினால் ஐயோ. தபால்காரர் கதவைத் தட்டினாலும் ஐயோதான். ஒருமுறை அக்காவுக்கு ஊசி போடும்போது துணைக்குப் போயிருந்தார். அக்கா ஊசி போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். மாமாவைத்தான் நர்ஸ் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்து அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நான் அக்கா வீட்டில் இருந்த மாதங்களில்தான் மாமாவை அருகிலிருந்து பார்த்தேன். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவருடைய ஷெட். தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, சுவரில் ஆணி அடித்து மாட்டிய ஸ்பேனர்கள். காரோ லாரியோ விசித்திரமாகச் சத்தம் போட்டால் ஓட்டுகிறவர்கள் அவரிடம்தான் வருவார்கள். ஊரே கேலி செய்யும் அந்தப் பயம்தான் அவருடைய தொழிலுக்கு முதல். மற்ற மெக்கானிக்குகள் ஒரு சத்தத்தைக் கேட்டதும் “ஒண்ணுமில்ல சார்” என்று ஆரம்பிப்பார்கள். மாமா “ஐயோ” என்று ஆரம்பிப்பார். அந்தச் சத்தத்தால் நடக்கக்கூடிய மிக மோசமான காரியத்தை முதலில் நினைத்துக்கொள்வார். பிறகு அது இல்லை, இது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவார்.

பானெட்டைத் திறப்பதற்கு முன் யார் வந்தாலும் ஒரே கேள்விதான். “வண்டி நிக்கும்போது வருதா, ஓடும்போது வருதா?” நின்றுகொண்டு உறுமும்போதும் வந்தால் அது இஞ்சின். உருளும்போது மட்டும் வந்தால் அது இஞ்சினே இல்லை, கீழே எங்கேயோ இருக்கிறது. அதற்குப் பிறகுதான் முழ நீள ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். நுனியை ஓடும் இஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். டாக்டர் மார்பில் குழல் வைத்துக் கேட்பது போலத்தான். அந்த நேரத்தில் அவர் முகத்தில் பயம் இருக்காது.

அக்கா அவருக்கு நேர் எதிர். அவள் பள்ளி வேன் ஓட்டுகிறாள். பதினாறு பிள்ளைகள். வேனை எடுக்கும் முன் கைப்பேசியின் சத்தத்தை அணைத்து டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவாள். கடைசிப் பிள்ளை இறங்கும்வரை எடுக்க மாட்டாள். அது மாமா பயந்து பயந்து கேட்டு வாங்கிய சத்தியம்.

நான் சொல்ல வந்த காரியத்துக்கு ஒரு வாரம் முன்பு இன்னொன்று நடந்தது. ஷெட்டைத் தாண்டிப் பிள்ளைகளோடு வேன் போனபோது உள்ளே ஏதோ உருளும் சத்தம் மாமாவுக்குக் கேட்டிருக்கிறது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு துரத்தி, நடுரோட்டில் மறித்து, எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு வேனுக்கு அடியில் படுத்துவிட்டார். கடைசியில் பார்த்தால் பின்சீட்டுக்கு அடியில் ஒரு தண்ணீர் பாட்டில். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பள்ளிக்கு அரை மணி நேரம் தாமதம். தலைமையாசிரியை அக்காவை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டார். அன்று சாயங்காலம் அக்கா மாமாவிடம் கத்தவில்லை. தட்டை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “உங்க பயத்தை வீட்டோட வெச்சுக்குங்க. என் பொழப்புல கொண்டு வராதீங்க.”

அதற்குப் பிறகு மாமா ஐயோ என்று சொல்வதையே நிறுத்திவிட்டார். வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, அன்று காலை நான் மாமாவுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோயிருந்தேன். அக்கா காலி வேனோடு ஷெட் வாசலில் நின்று இறங்காமலேயே எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, ஒரு சத்தம் வருது. டக் டக்குன்னு. இஞ்சின்ல ஏதாவது பாருங்களேன்.”

“அணைக்காத, அப்படியே விடு,” என்றார் மாமா. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கண்ணை மூடினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மெல்லிய டிக் டிக் எனக்கும் கேட்டது.

“இஞ்சின்ல டேப்பட்தான். கொஞ்சம் லூஸா இருக்கு. ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம். போயிட்டு வா.”

அக்கா புருவத்தைத் தூக்கினாள். “யாரு பேசுறது? எங்க வீட்டுக்காரர்தானா? போன்னு சொல்றீங்க?”

“போன்னா போவியா, கேள்வி கேட்டுக்கிட்டு!”

அக்கா சிரித்துக்கொண்டே போனாள். மாமாவும் சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அரை மணி நேரம் கழித்து லாரிக்காரர் ஒருவர் வந்தார். மாமாவின் பழைய வாடிக்கை. தோளில் ஒரு இரும்புக் குழாயைத் துப்பாக்கி மாதிரி சாய்த்திருந்தார்.

“இந்தா அண்ணே உன் பைப்பு. நேத்து எடுத்துட்டுப் போனேன். ஐயோ காணோமேன்னு ஊரைக் கூட்டிட்டியா?”

அந்தக் குழாய் சக்கரத்து நட்டு முறுக்குவதற்கானது. ஸ்பேனரின் பிடியில் செருகினால் பிடி நீளமாகும், கையின் பலமும் கூடும். மாமா அது இல்லாமல் எந்தச் சக்கரத்தையும் கடைசியாக இறுக்க மாட்டார்.

மாமா குழாயைக் கையில் வாங்கினார். வாங்கிய கை அப்படியே நின்றது.

“எப்ப எடுத்த?”

“நேத்து சாயங்காலம்தான். நீ என் வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு கண்ணை மூடி நின்னியே, அப்பவே சொல்லிட்டுத்தானே எடுத்தேன். தலையை ஆட்டினியே!”

“அப்ப... எங்க வேனு?”

“ஜாக்கியில நின்னுச்சு. நான்தான் எறக்கி விட்டேன். வழியில இருந்துச்சுல்ல.”

மாமாவின் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. உதடு வெள்ளையாகிவிட்டது. முந்தின சாயங்காலம் அவர் வேனின் பஞ்சரான பின்சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். சக்கரம் தூக்கி நிற்கும்போது நட்டுகளைக் கையால் மட்டும் ஓட்டி வைப்பது வழக்கம். தரையில் இறக்கிய பிறகுதான் குழாய் போட்டு இறுக்க வேண்டும். அந்த இடைவெளியில் லாரி உறுமிக்கொண்டு வந்து நின்றிருக்கிறது. புதுச் சத்தம் ஒன்று கேட்டால் மாமாவால் இருக்கும் இடத்தில் இருக்க முடியாது. போய்விட்டார். திரும்பி வந்தபோது வேன் நாலு சக்கரத்தில் தரையில் நின்றது. இறக்கியாகிவிட்டது என்றால் இறுக்கியும் ஆகிவிட்டது என்று அவர் மனசு முடிவு செய்துவிட்டது.

“நான் அவகிட்ட கேக்கல,” என்றார் மாமா. என்னைத்தான் பார்த்தார், ஆனால் என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. “ஊர்ல போறவன் வர்றவன் எல்லார்கிட்டயும் கேக்குறேன். நிக்கும்போதா ஓடும்போதான்னு அவகிட்ட கேக்கல.”

நான் அக்காவுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். மூடிய பெட்டிக்குள் அந்தப் போன் சத்தமில்லாமல் மின்னி மின்னி அணைவது கண்ணுக்குத் தெரிந்தது.

“ஏறு!” என்றார் மாமா. ஸ்கூட்டரில் குழாயையும் ஸ்பேனரையும் மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். சைக்கிள்காரர்களே தாண்டிப் போகிற வேகத்தில் ஸ்கூட்டர் ஓட்டும் மனிதர் அவர். அன்று முன்னால் இருந்தது வேறு யாரோ. முதல் திருப்பத்திலேயே என் செருப்பு ஒன்று கழன்று போனது. நிறுத்தச் சொல்லவில்லை.

அக்கா போகும் வழி எனக்கு மனப்பாடம். பேக்கரி முனையில் இரட்டைப் பிள்ளைகள், மருந்துக் கடை, மாடி வீடுகள். கடைசியாகத் தண்ணீர்த் தொட்டி. அதைத் தாண்டினால் பாலம். பாலத்துக்குப் பிறகு பள்ளிவரை ஒரே இறக்கம். பேக்கரி முனையில் யாரும் இல்லை. மாடி வீட்டு வாசலில் ஒரு அம்மா கையை அசைத்து முடித்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

“மாமா, எத்தனை நட்டு?”

“அஞ்சு.”

“அஞ்சும் கழன்டுடுமா?”

“பேசாம வா. பேசாத.”

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் வேன் தெரிந்தது. பின்பக்க இடது சக்கரம் நேராக ஓடவில்லை. சுற்றி நிற்கப் போகும் பம்பரம் மாதிரி தள்ளாடிக்கொண்டிருந்தது. பின் கண்ணாடியில் இரண்டு பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கை காட்டினார்கள்.

“ஹார்ன் அடிங்க மாமா!”

“அடிச்சா பிரேக்கை மிதிச்சிடுவா. சடார்னு மிதிச்சா சக்கரம் தனியா போயிடும்.”

சத்தம் போடவும் முடியாது. சும்மா இருக்கவும் முடியாது. அந்தச் சில நொடிகளில் நான் எதை வேண்டிக்கொண்டேன் என்று ஞாபகம் இல்லை. மாமா வேனை வலது பக்கமாகத் தாண்டினார். அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெகுதூரம் முன்னால் போய், பாலத்துக்கு முன்பு ரோட்டின் நடுவுக்கு வந்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்தார். இடது கையை நீட்டி, உள்ளங்கையைத் தரையைப் பார்த்து மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார், தொட்டில் குழந்தையைத் தட்டுவது போல.

பின்னால் வேன் ஹார்ன் அடித்தது. விடாமல் அடித்தது. திரும்பிப் பார்த்தேன். அக்காவின் முகம் கோபத்தில் கொதித்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“இன்னைக்கும் ஆரம்பிச்சிட்டீங்களா! வழிய விடுங்க!”

உள்ளே பிள்ளைகள் கூத்தாடினார்கள். “ஐயோ அங்கிள்! ஐயோ அங்கிள்!”

வேன் எங்களைச் சுற்றிப் போக வலப்பக்கம் ஒதுங்கியது. மாமாவும் வலப்பக்கம் ஒதுங்கினார். இடப்பக்கம் வந்தது. இவரும் வந்தார். எங்கள் பின்சக்கரத்துக்கும் வேனுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் இடம்தான் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். டக், டக், டக் என்று அந்தச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் மெல்ல மெல்ல இடைவெளி விட்டது. பிறகு நின்றது. நான் கண்ணைத் திறந்தபோது பாலத்தின் கைப்பிடிச் சுவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது.

அக்கா கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு இறங்கினாள். “உங்களுக்கு என்னதான் வேணும்? இன்னைக்கும் பாட்டிலா?”

மாமா பின்சக்கரத்தின் முன்னால் மண்டியிட்டார். ஐந்து நட்டில் இரண்டு இல்லவே இல்லை. மீதி இருந்தவற்றில் ஒன்றை அவர் ஆள்காட்டி விரலால் தொட்டார். அது சுழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. ஸ்பேனர் தேவைப்படவில்லை. அக்கா அதைப் பார்த்தாள். வாய் திறந்தபடியே வேனின் பக்கவாட்டில் சாய்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்கார்ந்தாள்.

அதற்குள் இரண்டு மூன்று வண்டிகள் நின்றுவிட்டன. பைக்கில் வந்த ஒருவர் உள்ளே இருந்த ஒரு பிள்ளையின் அப்பா. அவர் சக்கரத்தைப் பார்த்துவிட்டு மாமாவின் தோளைப் பிடித்தார். “கடவுளா பார்த்து உங்களை அனுப்பினாரு. எந்தப் படுபாவி இந்தச் சக்கரத்தை மாட்டினான்? அவன் கையை ஒடைக்கணும்!”

மாமா எழுந்தார். வேனைப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், அன்றிலிருந்து அவர் ஊருக்கே வீரர். யாருக்கும் தெரிந்திருக்காது. நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

“நான்தாங்க,” என்றார். “நேத்து நான்தான் மாட்டினேன். இறுக்காம விட்டுட்டேன். காலையில சத்தம்னு அவ வந்து சொன்னா. நான்தான் ஒண்ணுமில்ல, போன்னு சொன்னேன்.”

அந்த அப்பாவின் கை தோளிலிருந்து விலகியது. அவர் அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஆனால் அந்த அப்பா வேனுக்குள் ஏறித் தன் மகளைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

மீதிப் பதினைந்து பேரையும் இறக்கி, ஓரமாக வரிசையில் நடத்தியே பள்ளிக்குக் கூட்டிப் போனோம். அக்கா முன்னால். ஒற்றைச் செருப்போடு நான் நடுவில். மாமா கடைசியில், இரண்டு தோளிலும் பிள்ளைகளின் பைகளோடு. மிகச் சின்னப் பையன் ஒருவன் அவர் விரலைப் பிடித்திருந்தான்.

“அங்கிள், உங்க கை ஏன் ஆடுது?”

“பயமா இருக்குடா.”

“அதான் வண்டி நின்னுடுச்சே.”

பள்ளி வாசலில் தலைமையாசிரியையிடமும் மாமாவே போய், பாலத்தில் சொன்னதையே ஒரு சொல் குறையாமல் சொன்னார். விசாரித்து முடியும்வரை வேன் வர வேண்டாம் என்றார்கள். நான்கு பிள்ளைகளின் வீட்டில் அதற்குப் பிறகு அனுப்பவே இல்லை.

அன்று முழுக்க அக்கா மாமாவோடு பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. சமையலறையில் எதையாவது கீழே வைக்கும் சத்தம் கேட்டால் மாமா திடுக்கிட்டுப் பார்ப்பார். ஷெட்டைத் திறந்தார், ஆனால் வந்தவர்களிடம் வேறு மெக்கானிக் பெயரைச் சொல்லி அனுப்பினார்.

பன்னிரண்டாம் நாள் பள்ளியிலிருந்து வரச் சொல்லிச் செய்தி வந்தது. காலையில் அக்கா ஷெட்டுக்குப் போனாள். நானும் போனேன். மாமா நாலு சக்கரத்தையும் குழாய் போட்டு இறுக்கி முடித்துவிட்டு, வியர்வையோடு ஒதுங்கி நின்றார். அக்கா ஸ்பேனரை அவர் கையிலிருந்து வாங்கினாள். குழாயைச் செருகினாள். ஒவ்வொரு நட்டையும் உடம்பு எடை முழுவதையும் போட்டு அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. முடித்துவிட்டு முதல் சக்கரத்துக்கே திரும்பி வந்து மறுபடி பார்த்தாள்.

“இன்னும் பயமா இருக்கா உங்களுக்கு?” என்று கேட்டாள். பன்னிரண்டு நாளில் அதுதான் முதல் பேச்சு.

“இருக்கு.”

“எனக்கும்தான். நீங்களும் ஏறுங்க. பின்னாடி, சக்கரத்துக்கு மேல உட்காருங்க.”

மாமா ஏறி உட்கார்ந்தார். அக்கா போனைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். வேன் தெருவில் உருண்டு போனபோது, பின் கண்ணாடி வழியாக அவர் தலை குனிந்திருப்பது தெரிந்தது. சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.