இடுகாட்டின் நான்காவது பக்கம்

சேகரன் போய்விட்டான் என்று அவன் ஓட்டிய லோரியின் முதலாளி அழைத்துச் சொன்னபோது நான் ஈப்போவில் வேலையில் இருந்தேன். நெஞ்சு வலி. சுங்காய் அருகே சாலையோரம் வண்டியை ஒழுங்காக நிறுத்தி, என்ஜினையும் அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். அவனை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

பொது வரைபடத்துக்காக நாங்கள் இருவரும் ஆறு ஆண்டுகள் சேர்ந்து உழைத்தோம். யாரும் திருத்தலாம், யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்கிற வரைபடம் அது. மூடப்பட்ட ரப்பர் தோட்டங்களின் பாதைகளும் கோயில்களும் அதில் ஏறியது பெரும்பாலும் அவன் நடந்தபோது கைப்பேசி பதிவுசெய்த தடங்களால்தான்.

சுங்கை சிப்புட் பக்கம் அவன் பிறந்த தோட்டத்து இடுகாட்டை மட்டும் நான் வரைந்தேன். சிதறிப்போன குடும்பங்கள் இப்போது அங்கே மண்டிய செம்பனை எண்ணெய் மரங்களுக்குள் அதைத் தேடிக் காணாமல் திரும்பிக்கொண்டிருந்தன. எங்களுக்கு அனுமதியுள்ள செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தை மேகம் மறைத்திருந்தது. ஒரு நிறுவனத்தின் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்து வரைய எங்களுக்கு உரிமையில்லை. தெரிந்தே வரைந்தேன், ஆதாரம் என்ற இடத்தில் ‘நேரில் பார்த்தது’ என்று கூசாமல் எழுதினேன்.

மறுநாளே அழைத்தான். “நீ போகவே இல்லலா மச்சான். நீ வரைஞ்ச கொட்டகை விழுந்து ரெண்டு வருஷமாச்சு.”

“இடம் சரிதானே? விடேன்.”

“அந்தப் படத்தைப் பார்க்கலாம், பார்த்து வரையக்கூடாது. அது அவங்களோடது. எங்கம்மா அங்கதான் இருக்கு. திருடி வச்ச கோட்டுக்குள்ள அது இருக்க வேணாம்.”

அழித்துவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. சட்டம் பேசியே பெற்றவளை மறைக்கிறாயே என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டதற்காக இன்றும் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

அடுத்த விடுமுறையில் தனியே நடந்து அளக்கப் போனான். மூன்று பக்கம் முடித்தான். நான்காவது பக்கத்தில் மழைத் தண்ணீர் இடுப்பளவு நின்றிருந்தது. “தண்ணி வடியட்டும், மறுபடி வாரேன்னு சொல்லிட்டு வந்தேன்,” என்றான். யாரிடம் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

நிறுவனத்தின் படத்தைத் திறந்தால் அந்த நான்காவது பக்கத்தை ஒரு நிமிடத்தில் வரைந்துவிடலாம். அவன் போன பிறகு இரண்டு முறை திறந்தேன். கை வரவில்லை. நேற்று அவன் தடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பேசி சில நொடிக்கு ஒரு புள்ளி வைக்கும். இரண்டாவது பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. நேரத்தைக் கணக்கிட்டேன். முக்கால் மணி நேரம் அவன் அங்கேயே நின்றிருக்கிறான்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் புள்ளிகளைத்தான். வரும் ஞாயிறு மீதியை நடக்கப் போகிறேன். அதற்கு முன்னால் அந்த இடத்தில் நின்று, அவன் இனி வரமாட்டான் என்று அவன் அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும்.