டப்பிங் படம் வேண்டாம்

வீடு வீடாகப் போய் டிவியும் ஸ்பீக்கரும் மாட்டிக் கொடுப்பவருக்குத் தெரு முழுக்க 'டம்டம்' என்றுதான் பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் காதில் விழும் புகார் ஒன்றுதான்: "சத்தம் கேக்குது, பேச்சு புரியல." பதிலைத் தயாராக வைத்திருப்பார். டிவி மெலிசாகிவிட்டது, ஸ்பீக்கர் முதுகுப் பக்கம் போய்விட்டது, பேச்சு சுவரில் மோதிக் குழைகிறது. பேச்சுக்கென்று நடுவில் தனியாக ஒரு ஸ்பீக்கர் வைத்தால் சரியாகிவிடும்.

சொந்த மனைவி அதையே சொன்னபோதும் மனுஷனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தொழில் புத்தி அப்படி. நடு ஸ்பீக்கர் வந்தது. எதிரொலி அடங்க ஜன்னலுக்குக் கனத்த திரை வந்தது. சோபா இடம் மாறியது. வியர்க்க விறுவிறுக்க எல்லாவற்றையும் முடித்துவிட்டு, "இப்ப?" என்பார். "இப்ப பரவால்லங்க" என்பாள். அவர் பட்ட பாட்டைப் பார்த்தபின் பாவம், வேறென்ன சொல்வாள்?

பிறகு பெரிய டிவி கேட்டாள். முகம் பளிச்சென்று தெரிய வேண்டுமாம். டப்பிங் படம் போட்டால் எழுந்து போய்விடுவாள். "உன் தங்கச்சிக்கு ரசனை கூடிப்போச்சு" என்று மச்சானிடம் பெருமையடித்தார். சமையலறையில் கூப்பிட்டு அவள் திரும்பாவிட்டால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும். "காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?" என்று கத்துவார்.

ஒருநாள் பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தும் அவள் விலகாமல் நடந்தாள். மச்சான்தான் கையைப் பிடித்து இழுத்தான். அன்றைக்கே டாக்டரிடம் போனார்கள்.

"ரெண்டு காதுலயும் நரம்பு போயிடுச்சு. ஆரம்பத்துலயே வந்திருந்தா மருந்துலயே காப்பாத்தியிருக்கலாம். வீட்ல யாருக்குமே தெரியலையா?" என்றார் டாக்டர்.

மச்சான் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, "இவ்வளவு நாளா படம் எப்படிம்மா பாத்த?" என்றான்.

"உதட்டப் பாத்துத்தான். டப்பிங் படத்துல வாய் வேற எதையோ பேசுது."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே, பேச்சு புரியலன்னு. அவருதான் ஸ்பீக்கர் மாட்டினாரு."

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தவர் தரையைப் பார்த்தபடியே, தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிரு என்றார். அவள் பக்கத்தில் வந்து அவர் தாடையைத் தொட்டாள்.

"நிமிர்ந்து சொல்லுங்க. வாய் தெரியல."