ஜன்னலுக்கு வெளியே ஒரு கல்

என் அப்பா மங்காசி செத்தபோது எங்கள் சபையின் தேவாலயத்தில் சாவு மணி அடிக்கவில்லை. சமோசிர் தீவின் ஏரிக்கரையில் மணி அடிக்காத சாவு என்றால் வெங்காய வயலில் நிற்பவர்கள்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

எனக்கு நாலு வயதில் காய்ச்சல் கண்டது. அப்பா ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்தார். பயந்துபோன அம்மா, முன்னோர் ஆவியை அழைக்கும் வைத்தியரை வரவழைத்து வெள்ளைக் கோழி அறுத்தாள். சபையில் அது பெரிய பாவம். கரை திரும்பிய அப்பாவின் முன்னால் சபை மூப்பர் ஒஸ்னர் நின்றார்.

"யாருய்யா கூப்பிட்டது?"

"நான்தான்," என்றார் அப்பா. அம்மா பெண்கள் பாட்டுக்குழுவின் முதல் குரல். என்னை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். முதல் வாரம் வாய் திறக்கவில்லை. பிறகு திறக்க முடியவில்லை.

அப்பாவைச் சபையிலிருந்து நீக்கினார்கள். திரும்பிச் சேர ஒரே வழி, பீடத்தின் முன் நின்று, செய்த பாவத்தைச் சொல்லி மனம் திரும்புவதுதான்.

"போய்ச் சொல்லிட்டு வாங்களேன்பா," என்று வளர்ந்த பிறகு நச்சரித்தேன். நடந்தது என்னவென்று அப்போதுதான் சொன்னார்.

"செய்யாத பாவத்துக்கு ஆண்டவர் முன்னால எப்படிம்மா அழுவேன்? நான் செஞ்சது பொய். அதைச் சொன்னா உங்கம்மா வெளிய நிப்பா."

ஞாயிறுதோறும் தேவாலய ஜன்னலுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து பாட்டுக்குக் கீழ்க்குரல் கொடுப்பார். சபையாருக்கு மட்டுமே அப்பம் கொடுக்கும் திருவிருந்து நாளில் ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். கள்ளுக்கடையில் கேலி பேசுவார்கள்.

"என்ன மங்காசி, பரலோகத்துலயும் ஜன்னலோரமா?"

"காத்து வரும்ல, மச்சான்."

அப்பா நுரையீரல் கெட்டுப் படுத்தபோது ஒஸ்னர் தேடி வந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"பீடத்துக்கு வர வேண்டாம்யா. பாயில கிடந்தே சொல்லு. கோழி அறுத்தது தப்பு, மனம் திரும்பிட்டேன்னு ஒரு வார்த்தை. சபை ஐயரை இப்பவே கூட்டிட்டு வர்றேன். மணி அடிக்காம உன்னை எப்படிய்யா அனுப்புறது?"

அம்மா முன்னால் வந்தாள். உதடு அசைந்தது.

"லம்தாவோட அம்மா," என்று வழக்கம்போல் என் பேரை வைத்து அவளைக் கூப்பிட்டார் அப்பா, "கஞ்சி ஆறுது பாரு."

அம்மா அடுப்படிக்குப் போனாள். ஒஸ்னர் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். மறுநாள் விடியும்போது அப்பா இல்லை. ஐயர் வரவில்லை. உறவுக்காரர்கள் நாங்களே உலோஸ் என்னும் எங்கள் நெசவுத் துணியைப் போர்த்தி, பாடிப் புதைத்தோம்.

அடுத்த ஞாயிறு பாட்டு முடிந்ததும் அம்மா குழுவை விட்டுப் பீடத்தின் முன் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"அவரைச் சேர்த்துக்குங்க," என்றாள் கடைசியில்.

ஐயர் தலை குனிந்தார். "செத்தவங்களைச் சேர்க்க நம்ம சபையில வழி இல்லம்மா. நீங்க மனம் திரும்பினதா சொல்லுங்க, உங்களை ஏத்துக்கறோம்."

"அவருக்குக் கிடைக்காததை நான் வாங்கிக்கவா?" அம்மா நடு வழியே நடந்து வெளியே போனாள்.

இப்போது அந்தக் கல்லில் அவள் உட்காருகிறாள். போன திருவிருந்தன்று வீடு திரும்பும் வழியில் கேட்டேன்: "எல்லாம் ஆண்டவருக்குத் தெரியாதாம்மா? அவர் அப்பாவை மன்னிச்சிருக்க மாட்டாரா?"

"மன்னிச்சிருப்பாரு. அவர்கிட்ட உங்கப்பாவுக்கு என்ன குறை? என்னைத்தான் உங்கப்பா மன்னிச்சாரான்னு தெரியல. கஞ்சி ஆறுதுன்னுட்டுப் போயிட்டாரு."

அன்று காலை தேவாலயத்துக்குள் அப்பத்தை நான் விழுங்கும்போது அவளும் ஏரியைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தாள்.