செல்லத்தாய் கேட்காமல் வைத்த கரண்டி

போன செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் செய்தி வந்தது. செல்லத்தாய் இறந்துவிட்டாள். மூன்று நாள் காய்ச்சலாம். நம் பள்ளியில் இரண்டு வருடம் காலை உணவு சமைத்தவள். நாற்பத்திரண்டு சாகிற வயதா? எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தலைமையாசிரியையான என் மேலும் சேர்த்துத்தான்.

அவள் பரிமாறியதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தட்டில் போட்டு அனுப்பு, சீக்கிரம் முடியும் என்றேன். அவள் கேட்கவில்லை. உட்கார வைத்து, வாளியோடு குனிந்து குனிந்து போட்டாள். முதல் சுற்று முன்வரிசையிலிருந்து, இரண்டாம் சுற்று கடைசி வரிசையிலிருந்து. எந்தப் பிள்ளையிடமும் போதுமா என்று கேட்டதில்லை. ஏன் என்றேன்.

"போதுமான்னு கேட்டா, பசிக்கிற பிள்ளையும் வெக்கப்பட்டுப் போதும்னு சொல்லிரும் டீச்சர். நாம பாட்டுக்கு வச்சிரணும். வேண்டாம்னா அதுவே கைய வச்சி மறிக்கும்."

இத்தனை வருட சர்வீஸில் எனக்கு இது தோன்றவே இல்லை.

போன வருடம் ஒரு பிரமுகர் வந்து பரிமாறிப் போட்டோ எடுத்துக்கொள்வார், அதுவரை போடக் கூடாது என்று மேலிடத்திலிருந்து போனில் சொன்னார்கள். எட்டேகாலுக்கு வரவேண்டியவர் ஒன்பதாகியும் வரவில்லை. கிச்சடி ஆறிக் கட்டியானது. தறிக்குப் போகும் அம்மா வெறும் வயிற்றோடு விட்டுப்போன ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, காலித் தட்டிலேயே தலையைச் சாய்த்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னவள் நான்தான். செல்லத்தாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாளியைத் தூக்கினாள்.

ஒன்பதரைக்கு வந்த பிரமுகருக்குக் கழுவிய தட்டுகள்தான் மிச்சம். மறுபடி ஆளுக்கொரு கரண்டி வையுங்கள், சாப்பிடுகிற மாதிரி இருக்கட்டும் என்றார் கூட வந்தவர்.

"தின்னு முடிச்ச பிள்ளைகள போட்டோவுக்குத் தின்ன வைக்க மாட்டேன். வேணும்னா நாளைக்கு நேரத்தோட வாங்க" என்றாள் செல்லத்தாய். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அன்று மாலையே அவளை நிறுத்தச் சொல்லிப் போன் வந்தது. சரிங்க சார் என்றேன். சமையலில் சுத்தமில்லை என்று எழுதிய தாளில் கையெழுத்தும் போட்டேன். முகம் தெரியப் பாத்திரம் தேய்க்கிறவளைப் பற்றி அப்படி எழுத எனக்குக் கை கூசவில்லை.

அவள் தறிக்கூடத்துக்கு நூல் சுற்றப் போனாள். ரத வீதியில் ஒருநாள் எதிரே வந்தாள். நாலு வார்த்தை திட்டுவாள் என்று நின்றேன்.

"ரெண்டாஞ் சுத்து கடைசி வரிசையில இருந்துதான வருது டீச்சர்?"

அவ்வளவுதான் கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன். அவள் போனபிறகு இரண்டாம் சுற்றே கிடையாது.

இன்று அவள் தெருமுனையில் பேனர் வைத்திருக்கிறார்கள். பசி போக்கிய அன்னையாம். அதே பிரமுகர் அவளைவிடப் பெரிய படத்தில் கைகூப்பி நிற்கிறார். வெட்கங்கெட்டவர்கள்.

நேற்றுக் காலை மறுபடி போன். பிரமுகர் அஞ்சலி செலுத்தப் பள்ளிக்கு வருகிறார், பரிமாறுவதை நிறுத்தி வையுங்கள் என்றார்கள். மணி எட்டேகால். பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். போனை வைத்துவிட்டு வாளியைத் தூக்கினேன். அவர் வந்து சேர்ந்தபோது நான் கடைசி வரிசையிலிருந்து இரண்டாம் சுற்று வந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.